மேடையில் பேசப்படாத பூநகரி

2024 செப்ரெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு ஆகக்கூடியது 109 ரூபாய் செலவழிக்கலாம் என்று தேர்தல் ஆணைக்குழு வரையறுத்தது. 2023ஆம் ஆண்டில் நிறைவேறிய தேர்தல் செலவினச் சட்டம் ஒரு ஜனாதிபதித் தேர்தலில் பிரயோகிக்கப்பட்டது அதுதான் முதற் தடவை. பதாகைக்கும் மேடைக்கும் விளம்பரத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ஜனாதிபதித் தேர்தல் ஒன்றில் உண்மையாகக் கைமாறுவது பதாகைக்கான காசு மட்டுமா? உடன்படிக்கைகள், அனுமதிப்பத்திரங்கள், தூதரகச் சந்திப்புகளில் கொடுக்கப்படும் உறுதிமொழிகள் போன்றவை எந்தச் செலவுப் பட்டியலிலும் வருவதில்லை. இதை விளங்கிக்கொள்வதற்குக் கொழும்பைவிடப் பூநகரி பொருத்தமான இடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து ஏ-32 வீதியால் வருபவருக்குப் பூநகரி என்பது காற்றும் வெட்டவெளியும் வயலும் கடலும்தான். கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கோ அது பல கோப்புகள். காற்றுக்கு ஒரு கோப்பு: அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் அமைக்கவிருந்த 484 மெகாவொட் காற்றாலைகளில் 234 மெகாவொட் பூநகரிக்குரியது. வெயிலுக்கு இன்னொன்று: பூநகரிக் குளத்தை அண்டி 700 மெகாவொட் சூரிய மின்திட்டம். பொன்னாவெளியின் நிலத்துக்கடியில் இருக்கும் சுண்ணக்கல்லுக்கு ஒரு கோப்பு. கடலுக்கும் ஒன்று உண்டு. 2021இல் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புடைய கம்பனி ஒன்றின் கடலட்டைப் பண்ணை சர்ச்சையானது. அடுத்த ஆண்டு கிராஞ்சியில் கடற்றொழிலாளர்களே பண்ணைகளுக்கு எதிராகப் போராட்டத்தில் குந்தினார்கள்.

இத்தனை கோப்புகள் உள்ள ஒரு பிரதேசத்தில் ஜனாதிபதித் தேர்தல் என்றால் இவற்றைப் பற்றியல்லவா வேட்பாளர்கள் பேசியிருக்க வேண்டும்? பேசினார்கள். ஆனால் பூநகரி மக்களோடு அல்ல.

2024 பெப்ரவரியில் அநுரகுமார திசாநாயக்க இந்திய அரசாங்கத்தின் அழைப்பில் புதுடில்லிக்குப் போனார். ஜெய்சங்கரையும் அஜித் டோவாலையும் சந்தித்தார். அந்தப் பயணத்தில் அவரைக் குஜராத்துக்கும் கூட்டிச் சென்றார்கள். அதானி குழுமத்தின் தலைமையகம் குஜராத்தில்தான் இருக்கிறது. இது தற்செயலா இல்லையா என்பதை வாசகரே ஊகிக்கலாம். மே மாதத்தில் ரணில் விக்கிரமசிங்கவின் அமைச்சரவை, ஓர் அலகு மின்சாரத்தை 8.26 அமெரிக்கச் சதத்துக்கு 20 ஆண்டுகள் வாங்குவதற்கு அதானியோடு உடன்பட்டது. ஓகஸ்ட் கடைசியில், தேர்தலுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், டோவால் கொழும்புக்கு வந்தார். பாதுகாப்பு மாநாடு ஒன்றுக்கான வருகை அது. ஆனால் ரணில், சஜித், அநுர மூவரையும் அவர் சந்தித்தார். யார் வென்றாலும் பாதகமில்லை என்ற ஏற்பாடு அது.

செப்ரெம்பர் நடுப்பகுதியில் அநுர தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் அதானி உடன்படிக்கையை ரத்துச் செய்வோம் என்றார். நாட்டின் எரிசக்தி இறைமைக்கு அது ஆபத்து என்பது அவருடைய காரணம். மற்றவர்கள் விலை அதிகம் என்றார்கள். சூழலியலாளர்கள் மன்னார் வழியாக வலசை போகும் பறவைகளுக்காக உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் இந்த வாதங்களில் பூநகரி எங்கே? விலை கொழும்பின் கவலை. இறைமையும் கொழும்பின் கவலை. மேய்ச்சல் தரைக்கும் கரைவலைப் பாட்டுக்கும் என்ன நடக்கும், கிடைக்கும் வருமானத்தில் பிரதேசத்துக்கு எவ்வளவு வரும் என்பன தேசியப் பிரச்சார மேடைகளில் ஒரு பேசுபொருளாகவே இருக்கவில்லை.

தேர்தலுக்குப் பின் நடந்ததும் அப்படித்தான். 2025 ஜனவரியில் புதிய அமைச்சரவை அந்த விலைக்கான அனுமதியை மீளப்பெற்றது. 6 சதத்துக்குக் கீழே பேச விரும்பியது. பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகுவதாக இலங்கை முதலீட்டுச் சபைக்கு எழுதியது. திட்டம் கையெழுத்தானபோதும் பூநகரியைக் கேட்கவில்லை. கைவிடப்பட்டபோதும் கேட்கவில்லை.

சரி, சிங்கள வேட்பாளர்கள் அப்படி. தமிழ்த் தரப்பு? ஏழு தமிழ்க் கட்சிகளும் தமிழ் மக்கள் பொதுச்சபையும் இணைந்து பா. அரியநேத்திரனைப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நிறுத்தின. தமிழரசுக் கட்சி செப்ரெம்பர் முதலாம் திகதி வவுனியாவில் கூடி சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்தது. ஆனால் அரியநேத்திரனே தமிழரசுக் கட்சிக்காரர். கிளிநொச்சியில் அந்தக் கட்சியின் முகமாக இருக்கும் சிறீதரன் அவருக்காக மேடை ஏறினார். முன்னணி பகிஷ்கரிக்கச் சொன்னது. ஒரு கிராமத்தில் ஒரே கட்சியின் ஆதரவாளர்கள் இரண்டு துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்த தேர்தல் அது.

கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558, அநுரவுக்கு 27,086 வாக்குகள் கிடைத்தன. பொது வேட்பாளரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. யாரோடும் பேரம் பேசாமல், எண்ணப்படுவதற்காக மட்டும் கேட்கப்பட்ட வாக்குகள் அவை. நாடு முழுவதும் 226,343 பேர் அதற்குச் செவிசாய்த்தார்கள். ஆனால் தேசத்தைப் பற்றிப் பேசிய அந்த மேடையிலும் தேசத்தின் காற்றும் சுண்ணக்கல்லும் பின்வரிசையில்தான் இருந்தன. தாயகம் என்பது நிலம் என்றால் பொன்னாவெளி முதல் வரிசையில் அல்லவா வந்திருக்க வேண்டும்? அந்த ஆண்டு ஏப்ரலில் பொன்னாவெளிக்குப் போன அமைச்சர் டக்ளஸ் தேவானந்தாவை ஊர்ச்சனம் எதிர்த்து நின்றது. எந்தப் பொதுக்கட்டமைப்பும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி அனுமதிப்பத்திரங்களுக்கு வருவோம். ரணிலின் காலத்தில் வழங்கப்பட்ட மதுபானசாலை அனுமதிகளின் பட்டியல் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியானது. கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. நான்கே பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்ட மாவட்டம் இது. போரில் எல்லாம் இழந்தவர்கள் மீளக் குடியேறிய மாவட்டம். அனுமதிகள் அரசியல் ஆதரவுக்கான விலையா என்று ஊரெல்லாம் கேட்டது. யாருடைய சிபாரிசில் எது வழங்கப்பட்டது என்பது கடைசிவரை கட்சிகளுக்கிடையிலான வசையாகவே முடிந்தது. 109 ரூபாய்க் கணக்கில் சாராயத் தவறணைக்கு நிரல் இல்லை.

மேடைக்குப் பின்னால் முடிவெடுக்கப்படுவது பூநகரிக்குப் புதிதும் அல்ல. 2005 நவம்பரில் பூநகரி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கு வாக்குச்சாவடி இல்லை. கட்டுப்பாட்டுப் பகுதி மக்கள் முகமாலை போன்ற எல்லைகளைக் கடந்து வந்து வாக்களிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ் மக்களுக்கு இத்தேர்தலில் அக்கறை இல்லை என்று கிளிநொச்சியிலிருந்து அறிவிக்கப்பட்டது. யாழ். தேர்தல் மாவட்டத்தில் பதிவுசெய்யப்பட்ட ஏழு லட்சம் வாக்காளர்களில் 1.21 வீதத்தினர்தான் வாக்களித்தார்கள். மகிந்த ராஜபக்ச ரணிலை வென்றது 180,786 வாக்குகளால். அந்தப் புறக்கணிப்பின் பின்னால் ஒரு கொடுக்கல்வாங்கல் இருந்தது என்று மகிந்தவோடு முரண்பட்டு வெளியேறிய அமைச்சர்களே பின்னர் குற்றஞ்சாட்டினார்கள். இருந்ததோ இல்லையோ, முடிவை எடுத்தவர்கள் வாக்காளர்கள் அல்ல. மூன்று ஆண்டுகள் கழித்து, 2008 நவம்பர் 15இல், படையினர் பூநகரியைக் கைப்பற்றினார்கள். சனம் அதற்கு முன்னரே கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலைப் பார்க்க வேண்டும். செப்ரெம்பரில் 27,086 வாக்குகள் எடுத்த தரப்பு, எட்டு வாரங்களுக்குள் அதே மாவட்டத்தில் 80,830 எடுத்து ஆறில் மூன்று ஆசனங்களை வென்றது. தமிழ்த் தேசியம் தோற்றுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். அவ்வளவு சுலபமான முடிவு அல்ல அது. அந்த எட்டு வாரங்களில் தமிழ்க் கட்சிகள் சங்குச் சின்னம் யாருக்குச் சொந்தம் என்று சண்டை பிடித்தன. சாராய அனுமதி யார் வாங்கிக் கொடுத்தது என்று சண்டை பிடித்தன. கிராஞ்சிக் கடற்றொழிலாளிக்கு அவற்றில் என்ன இருக்கிறது?

ஆனால் புதிய ஆட்சியும் கோப்புகளைக் கீழே வைக்கவில்லை. 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவுக்கு வந்தபோது ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தினார். செப்ரெம்பரில் பொலிஸ் பாதுகாப்போடு வேலைகள் மீளத் தொடங்கின. கம்பனி மாறலாம், விலை குறையலாம், காற்று பூநகரியில்தான் வீசும்.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலோடு பூநகரிக்கு மீண்டும் ஒரு பிரதேச சபை வந்திருக்கிறது. மின்சார உடன்படிக்கை ஒன்றைத் தடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனால் எந்த நிலத்தில் கோபுரம் நடலாம், எந்தக் கரையை விடவேண்டும், வருமானத்தில் ஊருக்கு எத்தனை வீதம் என்று கிராமம் கிராமமாகக் கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களின் கையில் கொடுப்பதற்கு அந்தத் தாளாவது இருக்கும்.