பூஸ்ட்டை ஏற்றினால் மட்டும் போதுமா?

'பூஸ்ட்' என்றதும் உங்களுக்குக் கபில்தேவ் ஞாபகம் வந்தால் மன்னிக்கவும், இது அந்த பூஸ்ட் இல்லை :) டர்போ சார்ஜர் என்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்றைப் பற்றியது.

போன வாரம் ஹாஸ்டலில் நண்பன் ஒருவன் கேட்டான். "டேய், அண்ணனோட டீசல் கார்ல பூஸ்ட்டை ஏத்தித் தரேன்னு ஒருத்தர் சொல்றாராம். பவர் ஏறுமா? நீ மெக்கானிக்கல்தானே, சொல்லு."

ஏறும். அதில் சந்தேகமே இல்லை. செய்வதும் சுலபம். பல கார்களில் 'வேஸ்ட்கேட்' என்று ஒரு வால்வு இருக்கும். புகையில் ஒரு பகுதியை டர்போ பக்கம் போகவிடாமல் திருப்பிவிடுவது அதன் வேலை. அதைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்க வைத்தால் போதும், பூஸ்ட் ஏறிவிடும். ஆனாலும் ஏற்றக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஒரு சின்னக் கணக்கு. வெளியில் 30 டிகிரி வெயில், காற்றழுத்தம் சுமார் 1 பார். டர்போ அதன்மேல் இன்னொரு 1 பார் ஏற்றினால் அழுத்தம் இரண்டு மடங்கு. அப்படியானால் காற்றும் இரண்டு மடங்கு உள்ளே போகுமா? போகாது. சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். இங்கேயும் அதே கதைதான். டர்போ 70 சதவீதத் திறனோடு அழுத்தினால் காற்று சுமார் 125 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று விரியும். இன்டர்கூலர் இல்லையென்றால் கிடைப்பது ஒன்றரை மடங்குதான்.

டீசல் என்ஜினில் காற்று மட்டும் கூடினால் பெரிதாகப் பவர் வராது. டீசலையும் கூட்ட வேண்டும். உடனே பிஸ்டன், டர்போ, கிளட்ச் எல்லாவற்றுக்கும் சுமை. ஊட்டி ஏறும்போது கேட்கவே வேண்டாம். மேலே காற்று மெலிது. ஏற்கெனவே நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போ, அதே பூஸ்ட்டுக்காக இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கம்பெனிக்காரன் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பது இந்த மாதிரி நேரத்துக்காகத்தான்.

"அப்போ ரேஸ் கார்ல மட்டும் ஏத்துறாங்களே?" என்றான். நல்ல கேள்வி. 1986-ல் ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில், வெறும் 1.5 லிட்டர் என்ஜினில் 1000 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தார்கள். அந்த என்ஜின் சில சுற்றுகளே தாங்கும். மறுநாள் ரேஸுக்கு வேறு என்ஜின். நம்மால் ஆகிற காரியமா?

பிறகு கடிவாளம் வந்தது. வெளிக்காற்றையும் சேர்த்து 1987-ல் 4 பார், 1988-ல் 2.5 பார். அதோடு 1988-ல் டர்போ கார்களுக்கு ரேஸ் முழுவதற்கும் 150 லிட்டர் எரிபொருள்தான். டர்போ இல்லாத 3.5 லிட்டர் கார்கள் இனி ஜெயிக்கும் என்று பார்த்தால், அந்த வருடத்தின் 16 ரேஸையும் டர்போ கார்களே ஜெயித்தன! 15 மெக்லாரன்-ஹோண்டாவுக்கு, ஒன்று ஃபெராரிக்கு. எரிபொருளை வீணாக்காமல் எரிப்பதில் மண்டையை உடைத்துக்கொண்ட ஹோண்டா, அந்தக் குறைந்த பூஸ்ட்டிலேயே சுமார் 685 குதிரைத்திறன் எடுத்தது. 1989-ல் டர்போவையே தடை செய்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், பூஸ்ட்டை ஏற்றுவது யாராலும் முடியும். இருப்பதை முழுசாகப் பயன்படுத்துவதுதான் இன்ஜினியரிங்.

நண்பனிடம் சொன்னது இதுதான்: முதலில் ஏர் ஃபில்டரை மாற்று, இன்டர்கூலர் ஹோஸில் கசிவு இருக்கிறதா பார். தொலைந்த பவரில் பாதி அங்கேயே இருக்கலாம். அண்ணன் அந்தக் காரை டாக்ஸியாக ஓட்டுகிறார். தவணை இன்னும் மூன்று வருடம் பாக்கி. கார் ஒரு மாதம் ஷெட்டில் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு பூஸ்ட்டில் கை வைக்கட்டும்.