லினக்ஸ் பூட் ஆகலையா? ஃபார்மட் மட்டும் வேண்டாம்!

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பொறியியல் மாணவி இருக்கிறாள். கடைசி வருடம். அவளுடைய லேப்டாப்பில் உபுண்டு இருந்தது. எட்டு மாத ப்ராஜெக்ட் வேலை முழுக்க அதில்தான். தோழி சொன்னாள் என்று பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட்டையும் நிறுவினாள். இரண்டும் நன்றாகவே ஓடின. ஒரு மாதம் கழித்து இடம் போதவில்லை. மின்ட் இருந்த பார்ட்டிஷனை அழித்துவிட்டாள். அடுத்த தடவை ஆன் செய்தபோது கருப்புத் திரை. மூலையில் 'கிரப்' என்ற சொல்லும், பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கோடும் மட்டும்.

நகரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். பார்த்தவர், "டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சும்மா, ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்றிருக்கிறார். போட்டும் கொடுத்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, "அண்ணா, முன்னாடியே உங்ககிட்ட காட்டியிருக்கலாம்" என்றாள். நான் என்ன சொல்வது?

அந்த டிஸ்க்கில் ஒன்றுமே கெடவில்லை. உபுண்டு அப்படியே இருந்தது, ப்ராஜெக்ட்டும் அப்படியே இருந்தது. சில வரிகளே உள்ள ஒரு சின்ன கோப்பில் முகவரி ஒன்று தவறாக இருந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் இருக்கும். கூரியர் பையனுக்கு வீடு கிடைக்கவில்லை என்றால் வீட்டையா இடிப்போம்?

ஆன் செய்ததும் என்ன நடக்கிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் யுஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர். எந்தெந்த சிஸ்டத்தை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் அதன் நினைவகத்தில் இருக்கும். அதைப் பார்த்து டிஸ்க்கில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அந்த ஃபோல்டரில் இருந்து கிரப் எழும். கிரப் தன் பக்கத்தில் உள்ள சின்ன கோப்பைப் படித்து, முழு மெனு எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். பிறகு மெனு, பிறகு கெர்னல், பிறகுதான் உங்கள் டெஸ்க்டாப்.

ஃபர்ம்வேரில் பதிவு இருந்து டிஸ்க்கில் கோப்பு இல்லாமல் போகலாம், கோப்பு இருந்து பதிவு அழிந்துபோகலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல: பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றியது 1954 நவம்பர் 1, சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. நடைமுறை வேறு, பதிவேடு வேறு!

இப்போது அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். மின்ட், உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. உபுண்டு கையொப்பமிட்ட கிரப்பையே பயன்படுத்துவதால், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் அதுவும் 'உபுண்டு' என்ற பெயரிலேயே ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். குபுண்டு, சுபுண்டு நிறுவினாலும் இதே கதைதான். அதாவது, பின்னால் வந்த மின்ட் முன்னால் இருந்த உபுண்டுவின் கோப்பின் மேலேயே தன் முகவரியை எழுதிவிட்டது. மின்ட்டை அழித்ததும் அந்த முகவரியில் ஆள் இல்லை. கிரப் வாசலில் நின்றுகொண்டு, "எங்கே போகணும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டது. கருப்புத் திரைக்கு அர்த்தம் அதுதான்.

அந்தத் திரையிலேயே பதில் சொல்லலாம்

இதற்கு பென்டிரைவ்கூட வேண்டாம். கிரப் கேட்கும் இடத்தில் 'எல்எஸ்' என்று தட்டினால் டிஸ்க்குகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.) ஒவ்வொரு பார்ட்டிஷன் பெயரையும் கொடுத்து, கடைசியில் ஒரு சாய்கோடும் போட்டு மறுபடி 'எல்எஸ்' கொடுத்தால் உள்ளே என்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று காட்டும். 'பூட்', 'ஹோம்', 'ஈடிசி' எல்லாம் தெரிந்தால் அதுதான் உங்கள் வீடு. 'செட் ரூட்' என்று சொல்லி அந்தப் பார்ட்டிஷனைக் குறித்துவிட்டு, 'கான்ஃபிக்ஃபைல்' என்ற கட்டளையோடு பூட் ஃபோல்டருக்குள் உள்ள கிரப் கோப்பின் பாதையைக் கொடுத்தால், பழைய மெனு கண் முன்னே வரும். உபுண்டுவுக்குள் போய் 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' இரண்டையும் ஓட்டினால் முகவரி நிரந்தரமாகத் திருந்திவிடும். நிதானமாகச் செய்தாலும் பதினைந்து நிமிட வேலை.

'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால் கொஞ்சம் கடினம். கிரப்புக்குத் தன்னுடைய துணைக் கோப்புகளே கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே 'செட் ப்ரிஃபிக்ஸ்' மூலம் அந்தக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லி, 'இன்ஸ்மாட் நார்மல்', 'நார்மல்' என்று இரண்டு கட்டளை கொடுக்க வேண்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால் லைவ் பென்டிரைவ். நிறுவாமல் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். முதல் வேலை ரிப்பேர் அல்ல, உங்கள் ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க் ஒன்றுக்கு காப்பி எடுப்பது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு பழைய சிஸ்டத்தின் பார்ட்டிஷனையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்து, 'சிஎச்ரூட்' மூலம் உள்ளே நுழைந்து கிரப்பை மறுபடி நிறுவலாம். பென்டிரைவையும் யுஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்திருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

திரையில் மெனு வருகிறது, ஆனால் இரண்டாவது சிஸ்டத்தைக் காணோம் என்பது இன்னொரு புகார். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் வேறு சிஸ்டம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் 'ஓஎஸ்-ப்ரோபர்' என்ற கருவியை, 2021-ல் வந்த கிரப் 2.06 முதல் இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள். கிரப் அமைப்புக் கோப்பில் 'டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்ற வரியை 'ஃபால்ஸ்' என்று வைத்து மெனுவைப் புதுப்பித்தால் திரும்ப வரும். தெரியாத பார்ட்டிஷன்களை எல்லாம் ரூட் அதிகாரத்தோடு திறந்து பார்ப்பது ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அதை டெர்மினலில் ஓடி மறையும் ஒற்றை வரி எச்சரிக்கையாகச் சொன்னால் யார் கண்ணில் படும்? நிறுவும்போதே, "பக்கத்தில் இன்னொரு சிஸ்டம் இருக்கு, மெனுவில் சேர்க்கட்டுமா?" என்று எல்லா இன்ஸ்டாலர்களும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஆன் ஆகிறது, ஆனால் ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்வாப் பிரச்சினை. இரண்டாவது சிஸ்டத்தை நிறுவும்போது பொதுவாக இருந்த ஸ்வாப் பார்ட்டிஷனை இன்ஸ்டாலர் ஃபார்மட் செய்திருக்கும். அதன் யுயுஐடி மாறியிருக்கும். முதல் சிஸ்டம் பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 90 விநாடி தேடிவிட்டு, கிடைக்காமல் மேலே போகும். மறுபடியும் கதவு எண் கதைதான். 'பிஎல்கேஐடி' கட்டளையில் புது எண்ணைப் பார்த்து 'எஃப்எஸ்டேப்' கோப்பில் மாற்றினால் தீர்ந்தது.

இரண்டு சிஸ்டத்துக்கு ஒரு வாட்ச்மேன் வேண்டாம்

இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம். டெபியனும் ஃபெடோராவும் ஒரே லேப்டாப்பில் இருந்தால், டெபியனின் கிரப்பே இரண்டையும் எழுப்பட்டும் என்றுதான் பெரும்பாலோர் விடுகிறார்கள். ஃபெடோரா தன் கெர்னலை அப்டேட் செய்து, பழையவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வரும். அந்தச் செய்தி டெபியனுக்குப் போகாது. ஒருநாள், இல்லாத கெர்னலை மெனு கூப்பிடும். 'கோப்பு கிடைக்கவில்லை' என்று நிற்கும். டெபியனுக்குள் போய் 'அப்டேட்-கிரப்' கொடுத்தால் சரியாகும்தான். ஆனால் இதை வாழ்நாள் முழுக்க யார் நினைவில் வைத்துக்கொள்வார்?

ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் அதனதன் பூட் லோடர், எதை எழுப்புவது என்பதை ஃபர்ம்வேரின் பூட் மெனுவில் தேர்வு செய்வது, இதுதான் என் வழக்கம். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஒரு கீ. முதல் இடம் யாருக்கு என்பதை 'இஎஃப்ஐ பூட்மேனேஜர்' மூலம் மாற்றிக்கொள்ளலாம். சில மலிவு விலை லேப்டாப்களில் ஃபர்ம்வேர் தன் பட்டியலை அடிக்கடி மறந்துவிடும், அங்கே இது உதவாது. உபுண்டு-மின்ட் மாதிரி ஒரே பெயரில் ஃபோல்டர் போடும் ஜோடிக்கும் உதவாது. அந்த ஜோடியே வேண்டாம் என்பேன். குடும்பம் வேறாக இருக்கட்டும்.

ஃப்ரீபிஎஸ்டி வைத்திருக்கும் சிலரும் நம் ஊரில் உண்டு. அதை ஓஎஸ்-ப்ரோபர் கண்டுபிடிக்காது. கிரப்பின் '40 கஸ்டம்' கோப்பில் ஃப்ரீபிஎஸ்டியின் லோடர் கோப்பைச் 'செயின்லோட்' செய்யச் சொல்லி நாமே ஒரு பதிவு எழுத வேண்டும். செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டியிருக்கும்.

செக்யூர் பூட் என்றதும் 2024 ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. அந்த மாதம் 13-ம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட், பாதுகாப்புக் குறை உள்ள பழைய பூட் லோடர்களைத் தடுக்கும் எஸ்பாட் என்ற பட்டியலைப் புதுப்பித்தது. லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கும் கணினிகளுக்கு அது போகாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. போனது! உலகம் முழுக்கப் பலருடைய லினக்ஸ் மறுநாள் எழவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தப் பட்டியலை அழித்து மீண்டார்கள். முழுத் தீர்வு அடுத்த ஆண்டு மே மாதம்தான் வந்தது. அப்போதும் யாருடைய டேட்டாவும் அழியவில்லை என்பதைக் கவனியுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் செய்தவர்கள்தான் இழந்தார்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது

சர்வீஸ் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபார்மட் என்றால் அரை மணி நேரம், உறுதியான முடிவு, கைக்குக் காசு. என்ன கோளாறு என்று உட்கார்ந்து கண்டுபிடிப்பதற்கு யாரும் காசு தருவதில்லை. விண்டோஸ் தவிர வேறு எதையும் அவருக்கு யாரும் கற்றுத் தந்ததும் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டும்: "உள்ளே முக்கியமா ஏதாவது இருக்காம்மா?" அதை அவள்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் வாதிடலாம். டிஸ்க் செத்துவிட்டது என்று நம்பியவள் எதைச் சொல்வாள்?

டிஸ்க் நிஜமாகவே சாகும் நாளும் உண்டு. வினோதமான சத்தம், காப்பி எடுக்கும்போது பாதியில் நிற்பது, லைவ் பென்டிரைவில் உள்ள 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் சோதனை சிவப்பு காட்டுவது, இவையெல்லாம் அறிகுறி. அப்போதும் ஃபார்மட் தீர்வல்ல, டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கிய சிஸ்டம் அது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு டூயல் பூட்டை முதலில் கொண்டுபோனது அந்தத் திட்டம்தான். நல்ல முடிவு. ஆனால் நான் பார்த்த அந்த லேப்டாப்களில் பாதிக்கு மேல் பாஸ் அழிக்கப்பட்டிருந்தது. மெனு ஏன் வருகிறது, வராவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் தமிழில் ஒரு பக்கத் தாள் வைத்திருந்தால் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுகிறவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு இப்போதும் தேவை இருக்கிறது.

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்கிற கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் விஜிளக் குழு இருக்கிறது. கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் திரை கருப்பாகும் நேரத்தில் மனசு பதறி, பக்கத்துக் கடைக்குத்தான் கால் போகிறது.

அந்தப் பெண் இப்போது டெபியனும் ஃபெடோராவும் வைத்திருக்கிறாள். லேப்டாப் பையின் சின்ன ஜிப்பில் ஒரு லைவ் பென்டிரைவ் எப்போதும் கிடக்கிறது. தோழிகளுக்கு அனுப்பிய மெயில்களில் இருந்து ப்ராஜெக்ட்டின் பழைய துண்டுகளைத் தேடி எடுத்து, மீதியைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி.