பஸ் ஸ்டாப்பில் நிற்கும் சார்த்தர்

தமிழில் சார்த்தர் என்றதும் பலருக்கு இன்னும் ஓர் அடைத்த அறைதான் ஞாபகம் வரும். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த, தத்துவவாதி சார்த்தரின் ‘மீள முடியுமா?’ நாடகத்தில், செத்துப்போன மூன்று பேர் ஒரே அறையில் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்வையாலேயே வதைப்பார்கள். 1975இல் எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்’ வந்தது. ராஜதுரை இடதுசாரி, அவர் அறிமுகம் செய்த சார்த்தரிடம் அரசியலும் இருந்தது. சிற்றிதழ் வாசகர்களான நாம்தான் தனிமையையும் அபத்தத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அலமாரியில் வைத்துவிட்டோம். அறையை விட்டு வெளியே வந்த சார்த்தர் போய் நின்ற இடம் ஒரு பஸ் ஸ்டாப். தொழிற்சாலைகள் சூழ்ந்த சுங்குவார்சத்திரத்துக்கு வேண்டியவர் அந்தச் சார்த்தர்.

1960இல் வந்த அவருடைய ‘இயங்கியல் பகுத்தறிவின் விமர்சனம்’ பார்த்தாலே பயமுறுத்தும் தடிமன் கொண்டது. அதில் பாரிஸின் சான் ழெர்மான் பகுதியில், தேவாலயத்துக்கு முன்னால் பஸ்ஸுக்காக நிற்பவர்களைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. வயது, வேலை, வசதி எல்லாம் அவர்களுக்கு வேறு வேறு. வேண்டியது மட்டும் ஒன்று: அந்த பஸ். ஆனால் அந்தப் பொதுத்தேவை அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. இடம் குறைவு என்பதால் ஒவ்வொருவருக்கும் மற்றவர் ‘ஓர் ஆள் அதிகம்’. யார் முன்னால் ஏறுவது என்பதை இயந்திரம் கொடுக்கும் எண் சீட்டு தீர்மானிக்கும். யார் இடத்தில் யார் நின்றாலும் வரிசைக்கு ஒன்றுதான். தனிமையும் உற்பத்தியாகிற சரக்குதான். ஆட்களை அடுக்கும் விதத்தில் அது உற்பத்தியாகிறது என்பதை அந்தப் பக்கங்களில் படித்துக்கொள்ளலாம்.

விடிவதற்கு முன் சுங்குவார்சத்திரத்தில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் நின்றவர்களுக்கு அந்தப் பக்கங்களுக்கு உரை தேவைப்படாது. காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம், திருவள்ளூர் என்று நாலா பக்கமிருந்தும் கம்பெனி பஸ்கள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றி வருகின்றன. கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்போன், கண்ணில் பாதித் தூக்கம். ஒரே ஸ்டாப்பில் நிற்கும் நாலு பேருக்கு நாலு கம்பெனி. ஒரே கம்பெனிக்குள்ளும் ஒருவர் பெர்மனென்ட், ஒருவர் காண்ட்ராக்ட், இன்னொருவர் ட்ரெய்னி. லைனில் பக்கத்தில் நிற்பவர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்று தெரியாது. தெரிந்தால் மனஸ்தாபம்தான் வரும். நீ போனால் இன்னொருத்தன் என்று சூப்பர்வைசர் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. வரிசையே சொல்லிவிடும்.

இந்த வரிசை எப்போது உடையும்? சார்த்தர் 1789 ஜூலை மாதப் பாரிஸைக் காட்டுகிறார். மன்னரின் படை நகரைச் சூழ்கிறது என்ற பேச்சு பரவுகிறது. அதுவரை தனித்தனியாகப் பயந்தவர்கள், எதிரே ஓடிவருபவரிடம் தங்களையே பார்க்கிறார்கள். எவரும் உத்தரவிடாமலே கூட்டம் ஒரு கையாகிறது.

நம் பக்கத்தில் அது 2021 டிசம்பரில் நடந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி செய்யும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவ, டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் எழவில்லை. எந்தச் சங்கமும் தேதி குறித்து அறிவித்த போராட்டம் இல்லை அது. யாரும் இறக்கவில்லை என்பது பிறகு தெளிவானது. வதந்தி என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் ஆளுக்கொரு ஷிஃப்ட், ஆளுக்கொரு விடுதி என்று பிரித்து வைக்கப்பட்டவர்களுக்கு, வேலைக்கு வராத தோழி எங்கே என்று கேட்க வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? ஆலை ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆப்பிள் அதைக் கண்காணிப்பில் வைத்தது.

சாலையில் கூடிய கூட்டம் கலையத்தான் செய்யும். அடுத்த ஷிஃப்டுக்கு பஸ் வந்துவிடும். கலைந்துபோகும் பயத்தில்தான் ஒரு குழு தனக்குத்தானே சத்தியம் செய்துகொள்கிறது என்று சார்த்தர் எழுதுகிறார். சங்கம் என்பது அந்தச் சத்தியத்தின் சட்ட வடிவம். சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் ஓடும் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நீடித்தது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எச்சூரில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள்; ஆனால் முன்னால் நின்ற கோரிக்கை, சிஐடியு சார்ந்த தங்கள் சங்கத்தை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்பது.

அக்டோபர் 7 அன்று நிர்வாகம் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருடன் உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டது. 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஐந்து தடங்களில் ஓடிய ஏசி பஸ்ஸை 108 தடங்களுக்கும் விரிப்பது. அந்தப் பணம் ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல; பங்குனி வெயிலில் ஏசியும் வேண்டியதுதான். ஆனால் சார்த்தரைப் படித்தவருக்கு இதில் ஒன்று பளிச்சென்று தெரியும்: பஸ் குளிரும், வரிசை அப்படியே இருக்கும். பந்தலில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. போலீஸ் பந்தலைப் பிரித்த பிறகும் போராட்டம் நின்றுவிடவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. இங்கே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. சட்டையில் அந்தப் பெயரை நாளெல்லாம் சுமப்பவர்கள் தங்கள் சங்கத்துக்கு அதை வைத்துக்கொள்ள இவ்வளவு பாடு. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது.

சார்த்தரை இங்கே கொண்டுவருவதால் அவர் சொன்னதெல்லாம் வேதம் ஆகிவிடாது. 1954இல் சோவியத் ஒன்றியம் போய்வந்து, அங்கே விமர்சனச் சுதந்திரம் முழுமையாக இருக்கிறது என்று பேட்டி கொடுத்தவர் அவர். புரட்சியின் பெயரால் நடக்கும் கொலைகளை 1951இலேயே கேள்வி கேட்ட ஆல்பெர் காம்யுவோடு மறு ஆண்டே பகிரங்கமாகப் பிரிந்தார். அந்தச் சண்டையில் நான் காம்யு பக்கம். 1970 அக்டோபரில், 65 வயதில், பில்லான்கூர் ரெனோ ஆலை வாசலில் ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்று தொழிலாளர்களிடம் பேசினார் சார்த்தர். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. நின்று கேட்ட தொழிலாளர்கள் சொற்பம். யாரை நம்புவது என்று அவரிடம் கேட்கக் கூடாது. எப்படி நிற்கிறோம் என்பதைக் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

‘இயங்கியல் பகுத்தறிவின் விமர்சனம்’ நூலின் கசப்பான பகுதி, குழுவின் சத்தியத்துக்குப் பிறகுதான் வருகிறது. சத்தியம் செய்த குழு அமைப்பாகும், அமைப்பு நிறுவனமாகும், நிறுவனத்துக்குள் பழைய வரிசை சத்தமில்லாமல் திரும்பி வரும். சந்தா கட்டுபவர், கையெழுத்துப் போடுபவர், மேடையில் பேசுபவர் என்று ஆள் பிரியும். சுங்குவார்சத்திரத்தில் அதற்கான விதை வேலைநிறுத்தத்தின்போதே கண்ணில் பட்டது. பெர்மனென்ட் தொழிலாளர்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே லைனை ஓட்டியவர்களில் காண்ட்ராக்ட் ஆட்களும் பயிற்சியில் இருந்தவர்களும் உண்டு. அவர்களைக் கருங்காலி என்று ஏசலாம். ஆனால் தங்களுக்கென்று இல்லாத சங்கத்துக்கு அவர்கள் எப்படித் துரோகம் செய்வார்கள்? இந்த நெடுஞ்சாலையில் எழுதப்படும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் காண்ட்ராக்ட் தொழிலாளி எத்தனையாவது இடத்தில் வருகிறார் என்று பாருங்கள். சங்கம் வரிசையை உடைத்ததா, அதில் முன்னிடம் மட்டும் பிடித்துக்கொண்டதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.