தீங்கு தமிழனுக்கு, அறிக்கை ஆங்கிலத்திலா?

ஓர் ஊரின் நீரையும் நிலத்தையும் கெடுக்கக்கூடிய ஆலையொன்று வரப்போகின்றது. அதனால் விளையும் தீங்குகளை அவ்வூர் உழவன் முன்கூட்டியே அறிய வேண்டாவா? அறிய வேண்டும் என்றே சட்டமும் கூறுகின்றது. ஆயின், எம்மொழியில் அறிவது? அங்கேதான் ஏமாற்றுத் தொடங்குகின்றது.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்பிற்கென முழு வரைவறிக்கையை ஆங்கிலத்தில் அளித்தாற் போதும். மாநில மொழிக்குக் கிடைப்பது அதன் சுருக்கமே. நீரிற் கலக்கும் கழிவின் அளவும் காற்றிற் பரவும் நச்சின் கணக்கும் ஆங்கிலப் பக்கங்களுள் அடங்கிக் கிடக்க, தமிழன் கையில் சில தாள்கள் திணிக்கப்படுகின்றன. தீங்கை முழுமையாகத் தாங்குபவனுக்குச் செய்தி மட்டும் சுருக்கமா?

2020-இல் நடுவணரசு இதற்கு மாற்றாகப் புதிய வரைவொன்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டு, நாடு முழுவதினின்றும் கருத்துக் கேட்டது! எட்டாம் பட்டியலிலுள்ள மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்டது. நடுவணரசோ அவ்வாணைக்குப் பணியாது, உச்சமுறைமன்றத்திற்கு மேல்முறையீடு கொண்டு சென்றது. மக்களுக்கு விளங்கிவிடக் கூடாதென்பதில் எத்துணை ஊக்கம்!

காலங்கடந்து அறிவதன் இழப்பைப் பாலாறு காட்டும். தோல் ஆலைக் கழிவால் அவ்வாற்றுப் படுகை பாழானபின், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்று 1996-இல் உச்சமுறைமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இலும் அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. தீர்ப்புகள் வந்தன, கெட்ட நிலம் உடனே திருந்திற்றா?

"அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலாது" என்பார் சிலர். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழிற் பெயர்த்தார். வேற்று நாட்டானுக்கு இயன்றது, தமிழ்நாட்டு அலுவலர்க்கு இயலாதோ?

கண்மாய், மதகு, மடை, கலிங்கு, வரத்துக்கால் என நீரியலைச் சொல்லிலேயே பொதிந்து வைத்த மொழி தமிழ். பள்ளிக்கரணை நீர்ப்பரப்பை மக்கள் கழுவெளி என்றனர். ஆவணம் அதனைப் பாழ்நிலம் என்றது. பாழென்று எழுதப்பட்டதால் அங்குக் குப்பை குவிந்தது, கட்டடங்கள் எழுந்தன. எஞ்சிய பகுதி 2022-இல்தான் இராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. ஊர்ச்சொல்லைப் புறக்கணித்தவர் ஊரறிவையும் புறக்கணித்தனர்.

பழி தில்லிக்கு மட்டும் உரியதன்று. கருத்துக்கேட்பை நடத்துவது தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே. முழு அறிக்கையையும் தமிழில் பெயர்த்து மக்கள்முன் வைக்க அதனைத் தடுப்பார் யார்? மேடையில் தமிழை வாழ்த்தி, கோப்பில் தமிழைத் தள்ளிவைக்கும் போக்கு ஒழிய வேண்டும்.

ஊர்தோறும் தமிழர் எழுந்து கேட்கட்டும்: முழு அறிக்கையும் தமிழில் வந்தபின்னரே கருத்துக்கேட்பு! புரியாத தாளைக் காட்டிப் பெறும் இசைவு இசைவன்று, வஞ்சகம்.