கழற்றுவது யாராலும் முடியும்

ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் கண்ணாடியைப் பற்றியே இருக்கும். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், மங்கிய வெளிச்சத்தில் தெரியுமா, எந்த நாட்டுத் தயாரிப்பு? அந்த ஸ்கோப்பைத் துப்பாக்கியின் மேல் பிடித்து வைத்திருக்கும் மவுண்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பில் போடும் நேரத்தில் கடைக்காரர் எதை எடுத்துத் தருகிறாரோ அதுதான் மவுண்ட். ஆனால் கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மவுண்ட் மயிரிழை நகர்ந்தால் குண்டு வேறு இடத்துக்குப் போய்விடும்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் மகள் ஏர் ரைபிள் பயிற்சிக்காகச் சென்னைக்குப் போய்வருகிறாள். சென்ற வாரம் அவள் கேட்டாள்: "மாமா, லீவர் வெச்ச மவுண்ட் வாங்கலாமா? ஒரு நொடியில கழட்டிடலாமாம்."

"கழட்டறது சரிம்மா. திரும்ப மாட்டினா அதே இடத்துல உக்காருமா?"

"அதெப்படிண்ணே உக்காராம போகும்? அதே பள்ளம்தானே?" என்று குறுக்கே வந்தார் அவள் அப்பா.

அதே பள்ளமாக இருந்தால் மட்டும் போதாது என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

ஸ்கோப்பை எதற்குக் கழற்ற வேண்டும்? பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோகும்போது அடிபடாமல் இருக்க வேண்டும். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். அப்போது விலை உயர்ந்த ஸ்கோப்பை வீட்டில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் கொடுக்கலாம். ராணுவத்துக்கோ பகலில் ஒரு சைட், இரவில் ஒரு சைட் தேவை. மேலை நாடுகளில் இந்த மவுண்டுகளுக்குப் பெரிய சந்தையாக இருப்பவர்கள் வேட்டைக்காரர்கள். இங்கே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விளையாட்டு வீரர்களும் சீருடை அணிந்தவர்களும்தான் நம் வாடிக்கையாளர்கள்.

கழற்றி மாட்டும் சிக்கல் புதியதல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் குறிசுடும் வீரர்களுக்காக, 1942 முதல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் லீ என்ஃபீல்டு ரைபிள்களைப் பொறுக்கி எடுத்து 'நம்பர் 4 டி' என்ற வகையாக மாற்றித் தந்தது. ரைபிளின் இடப்பக்கத்தில் முன்னும் பின்னும் இரண்டு எஃகுத் தளங்கள். மூன்று மடங்கு காட்டும் ஸ்கோப் ஒரு தாங்கியில் இருக்கும். கையாலேயே திருகக்கூடிய இரண்டு பெரிய திருகுகளால் அந்தத் தாங்கி தளங்களில் பொருந்தும். நடக்கும்போது ஸ்கோப்பைக் கழற்றித் தனித் தகரப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். வேறு ரைபிளின் ஸ்கோப்போடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத் தாங்கியில் ரைபிளின் எண்ணையும், ரைபிளின் கட்டையில் ஸ்கோப்பின் எண்ணையும் பொறித்தார்கள். ஒரு ஸ்கோப்புக்கு ஒரு ரைபிள்தான் துணை. மாற்றிக் கட்டினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித் தாங்கி செய்துகொண்டிருந்த இந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தது பிகட்டினி ரெயில். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள பிகட்டினி ஆயுதக் கூடத்தின் பெயரில், 1995இல் அமெரிக்க ராணுவம் இதற்கு அளவு வகுத்தது. ரைபிளின் மேல் நீளமாக ஓடும் உலோகப் பட்டை. அதில் குறுக்கே வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளமும் 5.23 மில்லிமீட்டர் அகலம்; ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர். 2009இல் நேட்டோ நாடுகள் இதைச் செம்மைப்படுத்தின. மவுண்ட் பட்டையின் சாய்ந்த ஓரங்களை நம்பி உட்காராமல் அதன் தட்டையான மேற்பரப்பில் உட்கார வேண்டும் என்றார்கள். அப்படி உட்கார்ந்தால்தான் கழற்றி மாட்டும்போது உயரம் மாறாது.

பொது அளவு நமக்கும் எவ்வளவு அவசியம் என்பதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டாம். ரைபிள் திருச்சி தொழிற்சாலையில் தயாராகிறது. பார்வைக் கருவிகள் டேராடூனில் தயாராகின்றன. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கியபோது திருச்சி ஒரு நிறுவனத்துக்கும் டேராடூன் இன்னொன்றுக்கும் போய்விட்டன. இரண்டு ஊர், இரண்டு நிர்வாகம். ஒன்று செய்வது இன்னொன்றில் பொருந்த வேண்டுமானால் நடுவில் ஓர் அளவுகோல் வேண்டும்.

இனி நண்பரின் 'அதே பள்ளம்தானே' கேள்விக்கு வருவோம். அவருக்குத் தறியை வைத்தே சொன்னேன். ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஒரு டிசைனுக்கான அட்டைகளை இறக்கிவிட்டு வேறு டிசைனை ஏற்றுகிறீர்கள். அட்டையின் ஓரத் துளைகள், அதைத் தாங்கும் கட்டையின் முளைகளில் அழுந்தி உட்கார வேண்டும். அப்போதுதான் நடுவிலுள்ள துளைகள் ஊசிகளுக்கு நேரே வரும். முளை தேய்ந்து அட்டை கொஞ்சம் ஆடினாலும் முந்தானையில் அன்னத்தின் கழுத்து முறிந்துவிடும். அட்டை அதே அட்டை, கட்டை அதே கட்டை. உட்கார்ந்த விதம்தான் வேறு. நண்பர் அதற்கு மேல் வாதாடவில்லை.

மவுண்டின் அடியில் குறுக்காக ஒரு கட்டி இருக்கும். அதுதான் ரெயிலின் பள்ளத்துக்குள் இறங்குகிறது. எளிதாக இறங்குவதற்காகப் பள்ளத்தில் சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு முறை முன்னால் ஒட்டியும் மறுமுறை பின்னால் ஒட்டியும் மாட்டினால் குண்டு இரண்டு இடத்தில் விழும். ஆகவே தோட்டா சுடும் ரைபிளில், மவுண்டைக் குழல் முனைப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு லீவரை மூட வேண்டும். சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். மேலே இருக்கும் ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ரைபிளை வைத்துப் பார்த்தால் ஸ்கோப் முன்னால் நகர முயல்கிறது என்று பொருள். முதலிலேயே முன்சுவரில் ஒட்டி வைத்துவிட்டால் அதற்கு மேல் நகர இடமிருக்காது.

ஸ்பிரிங் ஏர் ரைபிளில் இதே அறிவுரை தலைகீழாகிவிடும். விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. ரைபிள் பின்னால் உதைக்கிறது. பாய்ந்த பிஸ்டன் முனையில் மோதி நிற்கும்போது ரைபிளை முன்னால் இழுக்கிறது. இந்த இரண்டாவது அதிர்ச்சியில் ஸ்கோப் பின்பக்கமாக ஊர்ந்து வரும். பெரிய தோட்டாவின் உதையைத் தாங்கிய ஸ்கோப் சாதாரண ஸ்பிரிங் ரைபிளில் கெட்டுப்போவதும் இதனால்தான். எனவே ஸ்பிரிங் ரைபிளுக்கு மவுண்ட் வாங்கினால், ரைபிளின் மேலுள்ள துளையில் இறங்கும் தடுப்பு முளை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். முளை இல்லாத மவுண்டை எவ்வளவு முறுக்கினாலும் ஊர்வது நிற்காது. போட்டிகளில் பயன்படும் அழுத்தக் காற்று ரைபிள்களில் உதை மிகக் குறைவு என்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

லீவரைச் சரிசெய்வதும் ஒரு கலை. லீவருக்கு எதிர்ப்பக்கம் ஒரு நட் இருக்கும். பிடி எவ்வளவு இறுக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. லீவர் பாதி வழி வரும்போது எதிர்ப்புத் தெரிய வேண்டும். கடைசியில் கட்டை விரலால் நன்றாக அழுத்தினால்தான் மூட வேண்டும். சுண்டு விரலுக்கே மூடினால் பிடி தளர்வு. மூடுவதற்குக் குறடு தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம். அலுமினிய ரெயிலில் தழும்பு விழும், தழும்பு விழுந்த இடத்தில் அடுத்த முறை சரியாக உட்காராது. நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டும் முன் ரெயிலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். ஸ்கோப்பின் வளையத் திருகுகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், அளவு காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பெரும்பாலும் அது 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். வேகமாகக் கழற்றும் வகையில் இரண்டு தனி வளையங்களை விட ஒரே துண்டாக அமைந்த மவுண்ட் மேல். தனித்தனி வளையமென்றால் இரண்டும் தனித்தனியே சரியாக உட்கார வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு சோதனை. ஐந்து குண்டு சுடுங்கள். ஸ்கோப்பைக் கழற்றி, அதே பள்ளத்தில் மாட்டி, இன்னும் ஐந்து சுடுங்கள். மீண்டும் ஒரு முறை செய்யுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுப்புள்ளி எங்கே என்று பாருங்கள். ஒரே ஒரு குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அது உங்கள் கை நடுக்கமாகவும் இருக்கலாம்.

எவ்வளவு விலகினால் பொறுக்கலாம்? துப்பாக்கிக்காரர்கள் இதை எம்.ஓ.ஏ. கணக்கில் சொல்வார்கள், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நூறு மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர். நல்ல மவுண்ட் அரை எம்.ஓ.ஏ.வுக்குள் திரும்பி வரும் என்று விளம்பரம் சொல்லும். நூறு மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் பல வேலைகளுக்குப் போதும். பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் இரண்டரை மில்லிமீட்டர். அரை எம்.ஓ.ஏ. விலகல் பத்து மீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அரை வளையத்துக்கு மேல் போய்விட்டது. இறுதிச்சுற்றில் பதக்கங்கள் புள்ளியின் பத்தில் ஒரு பங்கில் கைமாறும் விளையாட்டு இது.

சைட் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பெய்ஜிங்கை விடப் பெரிய சாட்சி இல்லை. இறுதிச்சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் தன் சைட் மாறியிருந்ததை அபினவ் பிந்த்ரா கண்டார். பதறாமல் கிளிக் கிளிக்காகத் திருப்பிச் சரிசெய்தார். தகுதிச் சுற்றில் 596, இறுதியில் 104.5, கடைசிக் குண்டு 10.8. இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படி வந்தது. எண்ணிப் பாருங்கள்: அந்தச் சோதனைக் குண்டுகளைக் கடமைக்குச் சுட்டுத் தள்ளியிருந்தால் அந்தத் தங்கம் வந்திருக்குமா?

சென்னையில் பிறந்த ககன் நரங்குக்கு 2012 லண்டனில் வெண்கலம் கிடைத்ததும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். இந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. கண்ணருகே சிறு துளை கொண்ட பீப் சைட் மட்டும்தான். ஆகவே நண்பரின் மகளுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: போட்டி ரைபிளுக்கு லீவர் மவுண்ட் வேண்டாம். பெட்டியில் இடமிருந்தால் பீப் சைட்டைக் கழற்றாமலே கொண்டு போ. கழற்றியே ஆக வேண்டுமென்றால் அது ரெயிலில் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துவை. போட்டிக்கு முன் கொடுக்கும் பதினைந்து நிமிடத் தயாரிப்பு நேரத்தில் முதல் வேலையாக ஜீரோவை, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்பதை, சரிபார். மவுண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பெல்லட் வாங்கு.

லீவர் மவுண்ட் யாருக்கு வேண்டும்? ஒரே ரைபிளில் இரண்டு சைட் மாற்றுபவர்களுக்கும், ஸ்கோப்பைத் தனியே பாதுகாத்தாக வேண்டியவர்களுக்கும் அது உண்மையிலேயே பயன்படும். மற்றவர்களுக்குச் சாதாரணத் திருகு மவுண்டே போதும். விலையும் குறைவு, நகர வழியும் குறைவு.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், எவ்வளவு சீக்கிரம் கழற்றலாம் என்று கடைக்காரர் செய்து காட்டும்போது கைதட்டாதீர்கள். கழற்றி, மாட்டி, மறுபடி சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால், சோதித்துச் சரியில்லாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் அந்த மவுண்டை வாங்க வேண்டாம்.