களர் நிலமும் ஊர் வடிகாலும்

கல்லாதவரைப் பயன் விளையாத களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். அவ்வுவமையை இளமையிலேயே பயின்ற நாம், களர் என்பது என்றும் தரிசாய்க் கிடக்க விதிக்கப்பட்ட நிலமென்று எண்ணிப் பழகிவிட்டோம். கல்லாதவன் கற்றுத் தேறலாமாயின், களரும் திருந்தி விளையலாமன்றோ? விளையும் என்பதே மண்ணியலார் கண்ட உண்மை. ஆயினும், அதற்கு இன்றியமையாத ஒன்றை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

முதற்கண், உவரும் களரும் ஒன்றல்ல என்பதை அறிதல் வேண்டும். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். நன்னீரைத் தேக்கி வடித்தால் அது பெரும்பாலும் திருந்தும். களர் நிலத்திலோ சோடியமானது களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு அவற்றைத் தனித்தனியே பிரித்துவிடுகின்றது. ஆதலின் அம்மண் நனைந்தால் குழைந்து சேறாகும். உலர்ந்தால் கல்லென இறுகும். நீரும் காற்றும் வேரை அணுகா. வெறும் நீர் பாய்ச்சுவதனால் இந்நோய் தீராது. மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்து நோயின் தன்மையை அறிதலே முதற்படி.

களருக்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்து அதன் இடத்தில் தான் அமர்கின்றது. பெயர்ந்த சோடியம் கரையும் உப்பாகி, நீரோடு வெளியேறக் காத்து நிற்கின்றது. வெளியேற வழி எங்கே? வடிகாலற்ற வயலில் எத்துணை மூட்டை கொட்டினும், அவ்வுப்பு அங்கேயே தங்கிக் கோடையில் மீண்டும் மேலேறும். கடன் வாங்கி மருந்திட்ட சிறு குடியானவர், மருந்தே பொய்யென்று மனம் சோர்வார். பிழை மருந்தினுடையதன்று, வழி வெட்டாமையே பிழை.

இவ்வழியோ தனியொருவரால் ஆவதன்று. ஒருவர் வயலில் வடித்த நீர் அடுத்தவர் வயலில் விழுமாயின், நோய் இடம் மாறியதேயன்றித் தீர்ந்ததாகாது. உத்தரப் பிரதேசத்தில் 1993-ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய களர் சீர்திருத்தப் பணியில், ஜிப்சத்தோடு வடிகாலுக்கும் உழவர் குழுக்களுக்கும் இடமளிக்கப்பட்டது. அந்நெறியே நமக்கும் ஏற்றது.

நல்ல நிலத்துக்கே நீர் போதாதபோது களருக்கு நீர் ஏதென்று சிலர் வினவுவர். தக்க வினாவே. வரப்பை உயர்த்தி, மண்சோதனை காட்டிய அளவு ஜிப்சத்தை மழைக்கு முன்னரே இட்டு வைப்பின், மழை நீரே தேங்கி நின்று அப்பணியைப் பெரிதும் செய்துவிடும். நீரை வடித்தபின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, அதன்பின் நெல் நடுதல் நன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டிலுள்ள வேளாண்மைக் கல்லூரி, களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். 1 முதலிய நெல் வகைகளை அளித்துள்ளது. அத்தகைய விதையைத் தேர்தல் அறிவுடைமை. ஒரே ஆண்டில் முழு விளைவை எதிர்பார்த்தல் கூடாது.

ஜிப்சத்துக்கு மானியம் வேண்டுமென்னும் குரல் நாட்டில் ஓங்கி ஒலிக்கின்றது. வடிகாலை வெட்டுவோம், தூர்ந்ததைத் தூர்வாருவோம் என்னும் குரலோ மெலிந்திருக்கின்றது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள், பெரியோரைக் கூட்டி, களர் நீர் எவ்வழியே வடியும் என்னும் ஒரு வினாவை எழுப்புவாராக. அதற்கு விடை கண்ட ஊரிலேயே ஜிப்சத்துக்குச் செலவிடும் பணம் நெல்லாய்த் திரும்பும்.