மனவுறுதி என்னும் வசதியான சொல்

இந்தியர் ஒருவர் நீரிணை ஒன்றை நீந்திக் கடந்துவிட்டால், மறுநாள் செய்திகளில் தவறாது இடம்பெறும் சொல் ‘மனவுறுதி’. பல்கலைக்கழக விழா மேடைகளுக்கு வந்து சேர்வதற்குள் அச்சொல் மேலும் பருத்துவிடுகிறது. மனம் வைத்தால் கடலும் குளமாகிவிடும் என்று மாணவர்களுக்குப் போதிக்கப்படுகிறது. செவிக்கு இனிய இச்சொல் ஒரு காரியத்தைச் சத்தமின்றிச் செய்துமுடிக்கிறது: ஆயத்தம் என்பதையே கணக்கிலிருந்து அழித்துவிடுகிறது. ஆயத்தம் மறைந்தபின், அதற்குரிய பணத்தையும் காலத்தையும் அறிவையும் யார் தர வேண்டும் என்ற கேள்விக்கும் இடமில்லாமல் போகிறது.

இச்சொல்லின் பொய்மைக்கு ஆரத்தி சாஹாவின் வரலாறே சான்று. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் என்று அவரைப் பொது அறிவு நூல்கள் ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரிக்குள் அடங்காத நாட்கள் பல. 1959 ஏப்ரல் 13 அன்று கொல்கத்தாவின் தேசபந்து பூங்காக் குளத்தில் அவர் 8 மணி நேரம் இடைவிடாது நீந்தினார். ஜூலை 24 அன்று இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கால்வாயின் நீரில் பயிற்சியைத் தொடங்கியது ஆகஸ்ட் 13 அன்று. ஆகஸ்ட் 27 அன்று நடந்த போட்டியில் வழிகாட்டும் படகு சுமார் 40 நிமிடம் தாமதமாக வந்தது. சாதகமான ஓதம் கைநழுவியது. இங்கிலாந்துக் கரைக்குச் சில மைல்களே எஞ்சியிருந்த நிலையில் எதிர் நீரோட்டம் தடுத்து நிறுத்த, முயற்சியைக் கைவிட நேர்ந்தது. 33 நாட்கள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, பிரான்சின் கிரி நே முனையிலிருந்து புறப்பட்டு 16 மணி 20 நிமிடத்தில் இங்கிலாந்துக் கரையில் ஏறினார்.

இவ்விரு நாட்களுக்கும் இடையே அப்பெண்ணின் மனவுறுதி வளர்ந்துவிட்டது என்று வாதிட எவரும் துணியார். முதல் முயற்சியின்போது குளிர்நீரில் அவர் பழகியிருந்தது 14 நாட்கள். இரண்டாம் முயற்சியின்போது 47 நாட்கள். கொல்கத்தாக் குளத்தின் வெதுவெதுப்பான நீர் தோளுக்கு வலுவூட்டும், குளிரைக் கற்பிக்காது. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. குளிர்நீரில் இறங்கியவுடன் மூச்சு தாறுமாறாகத் திணறுவது உடலின் அனிச்சைச் செயல். நாள்தோறும் அந்நீரில் இறங்கி இறங்கித்தான் அது தணியும். உரையோ உறுதிமொழியோ அதைத் தணிக்காது.

கடலின் கணக்கு தனி. அக்கால்வாயின் மிகக் குறுகிய பகுதி சுமார் 33 கிலோமீட்டர். ஓதமோ நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்வதால் கடக்கும் பாதை வளைந்து நெளிந்து நீண்டுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் வேகம் மிகுதி. அட்டமியை ஒட்டிய நாட்களில் குறைவு. புறப்படும் நாளையும் நாழிகையையும் குறிப்பது இவ்வறிவே. அது படகைச் செலுத்துபவரிடம் இருக்கிறது. அரை மணிக்கொருமுறை என்ன பானம், எவ்வளவு கொடுப்பது, அலையில் மிதந்தபடியே, படகைத் தொடாமல் அதை வாங்கிக் குடிப்பது எப்படி, உப்புநீரில் கழுத்தும் அக்குளும் உராய்ந்து புண்ணாகாமல் எதைப் பூசுவது என ஒவ்வொன்றும் பல மாதங்கள் சோதித்துக் கற்க வேண்டியது. ஒருவர் நீந்துகிறார், ஒரு குழுவின் அறிவு கரையேறுகிறது. பதக்கத்திலும் கல்வெட்டிலும் அக்குழுவுக்குப் பெயர் இல்லை.

மனமே இல்லாமல் 16 மணி நேரம் நீந்த முடியுமா என்று கேட்போர் உண்டு. முடியாது. ஆயினும் அந்த மனமும் ஆயத்தத்தின் விளைச்சலே. ஆறு மணி நேரம் குளிரைத் தாங்கிய நினைவே ஏழாம் மணி நேரத்தில் துணிவாகிறது. அதைப் பிறவிக்குணமாக்கிப் பேசுவது நீந்துபவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரது உழைப்பைத் திருடுவதாகும்.

பணத்தின் கதையும் இதுவே. ஆரத்தியின் பயணத்துக்காக அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராய் 11,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைவந்தன. அரசு விரும்பினால் உதவ இயலும் என்பதற்கு இவை சான்றுகள். ஒரு பெருமகனின் தயவு கிடைத்தால்தான் உதவி வரும் என்பதற்கும் இவையே சான்றுகள். இன்றும் டென்சிங் நார்கே விருதின் நீர்ப்பிரிவில் கடல் நீச்சல் ‘சாகசம்’ என்றே போற்றப்படுகிறது. விருது கரையேறிய பின் வருகிறது. செலவோ இறங்குவதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. இடைப்பட்ட காலத்தைத் தாங்கும் குடும்பங்களின் பிள்ளைகளே கடலில் இறங்க முடியும். எஞ்சியோருக்கு மனவுறுதி போதவில்லை என்று அறிவிக்கப்படும்.

இப்பொய்யின் கொடிய விளைவு சிறாரிடம் தெரிகிறது. ஆங்கிலக் கால்வாய் நீச்சலை முறைப்படுத்தும் அமைப்புகள் 16 வயது நிறையாதவரை ஏற்பதில்லை. 16 பாகை செல்சியஸுக்கு மிகாத நீரில் 6 மணி நேரம் நீந்திய சான்றையும் மருத்துவச் சான்றையும் அவை கேட்கின்றன. பாக் நீரிணையிலோ பத்து வயதுக் குழந்தை நீந்தினால் கரையில் மாலையும் மேளமும் காத்திருக்கின்றன. அந்நீர் வெதுவெதுப்பானது என்பது உண்மை; அதன் நீரோட்டமும் சொறிமீன்களும் வயது பார்ப்பதில்லை என்பதும் உண்மை. மனவுறுதியே போதும் என்றால் வயது ஒரு பொருட்டன்று. வயது குறையக் குறையச் சாதனையின் விலை ஏறும். ‘போதும், படகில் ஏற்றுங்கள்’ என்று சொல்லும் உரிமை அக்குழந்தைக்கு உண்மையில் இருந்ததா என்பதை எந்தச் சாதனைச் சான்றிதழும் பதிவு செய்வதில்லை.

உடலைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் ஓயாது எழுதும் சமூக அறிவியல் துறைகள் இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது வியப்புக்குரியது. பயிற்சிக் குறிப்பேடுகள் தொகுக்கப்பட வேண்டும். படகைச் செலுத்தியோரின் வாய்மொழி வரலாறு பதிவாக வேண்டும். கைவிடப்பட்ட முயற்சிகளும் வெற்றிகளுக்கு நிகராக ஆவணப்பட வேண்டும். வயது வரம்பும் தகுதி நீச்சலும் இந்தியக் கடல்களுக்கும் கட்டாயமாக வேண்டும். அதுவரை, அடுத்த விழா மேடையில் எவரேனும் மனவுறுதியைப் புகழ்ந்தால், கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: படகுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?